சைக்கிளில் அடிபட்டால்: முதல் 24 மணி நேரமும் பிறகு வரும் 3 ஆண்டுகளும்

லாரி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம், முன்சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அந்த வெட்டும் அகலும். சிங்கப்பூரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால், லாரியின் இடப்பக்கக் கதவையொட்டி நிற்கும் சைக்கிளோட்டி அவர் கண்ணில் படுவதே அரிது. துவாஸ், பென்ஜுரு, சுங்கை காடுட் பக்கம் காலை நேரத்தில் கனரக வாகனங்களோடு சேர்ந்து வேலைக்கு மிதிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. சிவப்பு விளக்கில் லாரி நின்றால் அதன் இடப்பக்க இடைவெளியில் புகுந்து முன்னேறாதீர்கள். லாரிக்குப் பின்னால் நில்லுங்கள். அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

அடுத்தது கார்க் கதவு. சிராங்கூன் ரோட்டின் கிளைத் தெருக்களில் நிறுத்தியிருக்கும் வண்டிகளை ஒட்டி ஓட்டினால், திடீரெனத் திறக்கும் கதவு கைப்பிடியைத் தட்டிவிடும். சைக்கிளோட்டி வலப்பக்கமாக, போக்குவரத்துக்குள் விழுவார். நிறுத்திய காருக்கும் உங்களுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். சாலையின் நடுப்பக்கம் கொஞ்சம் தள்ளிப் போகிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். சைக்கிளைக் கடக்கும் வாகனங்கள் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று போக்குவரத்து விதிக் கையேடும் சொல்கிறது.

மூன்றாவது, வரிக்குதிரைக் கடப்பு. இதில் தவறு பெரும்பாலும் நம் பக்கம். நடைபாதையிலிருந்து அதே வேகத்தில் சாலையில் இறங்கினால், திரும்பிக்கொண்டிருக்கும் காரின் ஓட்டுநருக்கு உங்களைக் கண்டு பிரேக் போட நேரமே இருக்காது. நின்று, வண்டி வருகிறதா என்று பார்த்து, நடக்கும் வேகத்தில் கடக்க வேண்டும் என்பது விதி. இறங்கித் தள்ளிக்கொண்டு போவது இன்னும் நல்லது.

விதிகளைப் பற்றிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு எதிர்த்தரப்பின் காப்புறுதி நிறுவனம் முதலில் தேடுவது நீங்கள் மீறிய விதியைத்தான். உங்கள் பங்குக்கும் தவறு இருந்தால் அந்த விகிதத்துக்கு இழப்பீடு குறையும். 40,000 வெள்ளி மதிப்புள்ள காயத்தில் உங்கள் பங்கு 25 விழுக்காடு என்று முடிவானால், கைக்கு வருவது 30,000. தன் மேலும் தவறு இருந்தால் இழப்பீடே கிடைக்காது என்று நினைப்பவர்கள் பலர். அப்படி இல்லை, பங்குக்கு ஏற்றபடி குறையும், அவ்வளவுதான். 'என் மேலும் தப்பு இருக்கிறது' என்று நினைத்துக் கோரிக்கையே வைக்காமல் விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

ஆகவே இவற்றைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம், 2019 பிப்ரவரியிலிருந்து. இருட்டில் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு அல்லது பிரதிபலிப்பான். கைபிரேக் இல்லாத சைக்கிளைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. பக்கத்திலேயே சைக்கிள் பாதை போட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் என்று பிரித்துவிட்ட பாதையில் 2025 ஜூலை 1 முதல் சைக்கிள் ஓட்டக் கூடாது. சாலையில் இருவர் இருவராகப் போகலாம், வரிசை ஐந்து சைக்கிள் நீளத்தைத் தாண்டக் கூடாது. ஒற்றைத் தடச் சாலையிலும், இயங்கும் நேரத்தில் பேருந்துத் தடத்திலும் ஒருவர் பின் ஒருவராகத்தான். மின்சைக்கிள் என்றால் மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவ வேண்டும். எடை 20 கிலோவுக்கு மிகக் கூடாது, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும், ஆரஞ்சு முத்திரையும் பின்பக்கப் பதிவெண்ணும் இருக்க வேண்டும், ஓட்டுபவர் 2022 முதல் எழுத்துத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். மிதிக்காமலே ஓட வைக்கும் முடுக்கியை (throttle) மாட்டிய மின்சைக்கிளில் அடிபட்டவர், காயத்துக்கு ஈடு கேட்கும் நேரத்தில் தன் மேலேயே ஒரு வழக்கையும் சமாளிக்க வேண்டியிருக்கும்.

இனி, விழுந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

உடனே எழுந்திருக்காதீர்கள். கழுத்தோ முதுகோ வலித்தால், அல்லது கைகால் மரத்திருந்தால், அசையாமல் படுத்தபடி யாரையாவது ஆம்புலன்ஸுக்கு 995 அழைக்கச் சொல்லுங்கள். வண்டி நிற்காமல் போனால், ஓட்டுநர் தகராறு செய்தால் போலிஸுக்கு 999. காயம் கடுமையாக இருந்தால் போலிஸ் வரும்வரை வண்டிகளை நகர்த்தக் கூடாது என்பது சட்டம். காயம் லேசானது என்றாலும், 'வழியை அடைக்கிறோம், ஓரமாக வைக்கலாம்' என்று யார் சொன்னாலும் முதலில் படம் எடுத்த பிறகே அசைக்க விடுங்கள். எல்லாப் படங்களும் அருகிலிருந்தே எடுத்தால் பயன்படாது. பத்து அடி தள்ளி நின்று, வண்டியும் சைக்கிளும் தடக் கோடுகளும் ஒரே படத்தில் வருமாறு நான்கு திசையிலிருந்தும் எடுங்கள். வாகன எண், ஓட்டுநரின் பெயர், தொலைபேசி எண், விளக்குக் கம்ப எண். விளக்குக் கம்ப எண்ணை யாரும் எடுப்பதில்லை. ஆனால் 'அந்தச் சாலையில் எங்கோ' என்பதைத் துல்லியமான ஓர் இடமாக மாற்றுவது அதுதான்.

ஓட்டுநர் நூறோ இருநூறோ கையில் திணித்து, 'போலிஸ் எதற்கு, நாமே முடித்துக்கொள்ளலாம்' என்பார். வாங்காதீர்கள். தலையில் உள்ளே இரத்தம் கசிவதும் மணிக்கட்டில் சிறு எலும்பு விரிவதும் அந்த நிமிடத்தில் தெரியாது. அவரோடு வாக்குவாதமும் வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம்.

சைக்கிளோட்டியோ நடப்பவரோ சம்பந்தப்பட்ட விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலிஸில் புகார் செய்ய வேண்டும். இணையத்தில் செய்யலாம், அக்கம்பக்கப் போலிஸ் நிலையத்திலும் செய்யலாம். புகாரில் வேகத்தையும் தூரத்தையும் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். பிறகு அதுவே உங்களுக்கு எதிராக வாசிக்கப்படும். கண்டதை மட்டும், நடந்த வரிசையில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் சிரமம் என்றால் அதிகாரியிடம் சொல்லி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்து வேண்டாம்.

அதே நாளில் மருத்துவரிடம் போங்கள். மூன்று நாள் கழித்துப் போனால், 'இடையில் வேறெங்காவது விழுந்திருப்பார்' என்ற கேள்விக்கு இடம் கொடுத்துவிடுகிறோம். சிறிய வலியையும் சொல்லுங்கள். முழங்கால் காயம் பெரிதாக இருப்பதால் தோள்வலியைச் சொல்லாமல் விடுவார்கள்; மருத்துவக் குறிப்பில் இல்லாத தோள், ஆறு மாதம் கழித்து இழப்பீட்டிலும் இருக்காது. ரசீதுகள், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்), டாக்சிக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே கவரில் வையுங்கள். காயத்தை முதல் நாள், மூன்றாம் நாள், பத்தாம் நாள் எனப் படம் எடுங்கள். இரத்தக்கட்டு மூன்றாம் நாளில்தான் நன்றாகத் தெரியும்.

பிறகு கேமரா. கடைகளின் கண்காணிப்புப் பதிவுகளும் கார்க் கேமராப் பதிவுகளும் புதியவை ஏற ஏறப் பழையவை அழியும்படிதான் அமைக்கப்பட்டிருக்கும். கார்க் கேமராவில் சில நாள்கூடத் தங்காது. மறுநாளே போய், எந்தக் கடை, எந்த புளோக், எந்தப் பேருந்து எண் என்று குறித்துக்கொண்டு, பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி எழுத்தில் கேளுங்கள். விசாரணை அதிகாரிக்கும் அந்தப் பட்டியலை அனுப்புங்கள். கடைக்காரர் உங்களிடம் நேரே கொடுக்கத் தயங்கினாலும், அதிகாரி கேட்டால் கொடுப்பார்.

சைக்கிளைப் பழுது பார்க்காதீர்கள். வளைந்த சக்கரம், கைப்பிடி நுனியில் ஒட்டிய கார்ப் பெயின்ட், எந்தப் பக்கம் அடிவாங்கியது என்று காட்டும் பின்கியர் கொக்கி எல்லாமே சாட்சி. உடைந்த தலைக்கவசத்தைத் தூக்கிப் போடாதீர்கள், மறுபடி அணியவும் வேண்டாம். பின்விளக்கு இன்னும் எரிகிறது என்றால் அதை எரியவிட்டு ஒரு காணொளி எடுத்துவையுங்கள். கார்பன் சட்டகமாக இருந்தால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே விரிசல் இருக்கலாம். கடையில் சோதித்து எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்.

பணம் யார் தருவார்? மோதியது மோட்டார் வாகனம் என்றால் அதன் காப்புறுதி நிறுவனம். சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மற்றவரின் உயிருக்கும் உடலுக்குமான காப்புறுதி சட்டப்படி கட்டாயம். வாகன எண்ணும் விபத்துத் தேதியும் இருந்தால், எந்த நிறுவனம் என்பதைப் பொதுக் காப்புறுதிச் சங்கத்தின் வழியாக அறியலாம். இடித்துவிட்டு ஓடிய வண்டி, காப்புறுதியே இல்லாத வண்டி என்றாலும் கதவு அடைபட்டுவிடவில்லை. சிங்கப்பூர் மோட்டார் காப்புறுதியாளர் அமைப்பு இத்தகைய காயங்களுக்காகவே இருக்கிறது. அங்கே உடனடிப் போலிஸ் புகார் இல்லாமல் போய் நிற்பது கடினம். மோதியது இன்னொரு சைக்கிள் என்றால் நிலைமை மோசம்: சைக்கிளுக்குக் கட்டாயக் காப்புறுதி இல்லை, அந்த ஆளிடமிருந்தே பெற வேண்டும். ஆகவே அவருடைய விவரம் இன்னும் முக்கியம். நின்று விவரம் தருவது அவருடைய சட்டக் கடமை. மரவேர் தூக்கிய பாதை, குழி என்றால், அளவுகோலோ நாணயமோ வைத்து ஆழத்தைப் படம் எடுத்து பொது இடக் குறைகளைத் தெரிவிக்கும் அரசின் ஒன்சர்விஸ் செயலியில் அன்றே அனுப்புங்கள். பாதை நிலப் போக்குவரத்து ஆணையத்துடையதா, தேசியப் பூங்காக் கழகத்துடையதா, நகர மன்றத்துடையதா என்பது அந்தப் பதிலிலிருந்தே தெரிந்துவிடும். சரிசெய்யப்பட்ட குழிக்கு ஆதாரம் கிடைக்காது.

போலிஸ் அந்த ஓட்டுநருக்கு அபராதம் விதித்தால் அந்தப் பணம் அரசுக்குப் போகும். பலர் அதையே தங்கள் வழக்கு என்று நினைத்துக் காத்திருந்து காலத்தை இழக்கிறார்கள். உங்கள் இழப்பீடு தனி வழக்கு. ஓட்டுநர் குற்றவாளி எனத் தீர்ப்பானால் அது உங்களுக்குச் சாதகமான சான்று, அவ்வளவே. உடற்காயத்துக்கான கெடு 3 ஆண்டுகள். போலிஸ் விசாரணை நீண்டாலும் அந்தக் கடிகாரம் நிற்காது.

வேலை நேரத்தில் அடிபட்டவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: வேலை காய இழப்பீட்டுச் சட்டம். யார் தவறு என்று நிறுவ வேண்டியதில்லை. எம்சி நாள்களுக்குச் சம்பளம், மருத்துவச் செலவு, நிரந்தரப் பாதிப்புக்கு இழப்பீடு மூன்றும் உண்டு. கெடு ஓராண்டு. முதலாளியிடம் உடனே தெரிவியுங்கள், அதையும் குறுஞ்செய்தியில் எழுதிச் செய்யுங்கள்; அவர் 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் நீங்களே அமைச்சிடம் போகலாம். இழப்பீட்டுத் தொகையைச் சொல்லும் மதிப்பீட்டு அறிவிப்பு வந்தால் ஆட்சேபிக்க 14 நாள்தான்.

இதில் ஒரு வேதனையான இடைவெளி உண்டு. தங்குவிடுதியிலிருந்து வேலையிடத்துக்குச் சொந்த சைக்கிளில் போகும்போது நேர்ந்த விபத்து பொதுவாக இந்தச் சட்டத்துக்குள் வராது. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் போனால் வரும், சைக்கிளில் போனால் வராது. அப்போது மோதிய வாகனத்தின் மீதான கோரிக்கை ஒன்றே மிச்சம். வேலைக்கு நடுவே ஒரு வேலையிடத்திலிருந்து இன்னொரு வேலையிடத்துக்கு அனுப்பியபோது விழுந்தால் அது வேறு. யார், எத்தனை மணிக்கு அனுப்பினார் என்பதற்கான வாட்சப் செய்தியைப் பத்திரப்படுத்துங்கள். உணவு விநியோகம் செய்பவர்களுக்கு 2025 ஜனவரி 1 முதல், செயலிவழி வேலை செய்பவர்களுக்கான தளத் தொழிலாளர் சட்டம் மற்ற ஊழியர்களைப் போன்ற காய இழப்பீட்டைத் தருகிறது. ஆர்டரை ஏற்றுக்கொண்டு அந்த வேலையில் இருந்த நேரம் என்பதைச் செயலியின் திரைப்பிடிப்பு (screenshot) காட்டும். ஃபோனைப் பழுதுக்குக் கொடுக்கும் முன் அதை எடுத்துவிடுங்கள். வாராந்திர வருமானப் பட்டியலையும் இறக்கி வையுங்கள், இழந்த வருமானத்தைக் கணக்கிட வேறு ஆவணம் இருக்காது.

வேலை காய இழப்பீடும் நீதிமன்ற வழக்கும் சேர்த்துப் பெற முடியாது. காயம் பெரிது, எதிர்த்தரப்பின் தவறு தெளிவு என்றால் வழக்கில் கிடைப்பது கூடுதலாக இருக்கலாம்; தவறு யாருடையது என்று சொல்ல முடியாத நிலையில் முதல் வழி பாதுகாப்பானது. ஒன்றைத் தேர்ந்து கையெழுத்திடும் முன் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வருமானத் தகுதி இருந்தால் அரசின் சட்ட உதவிப் பிரிவை நாடலாம். சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைகளும் உண்டு. வெளிநாட்டு ஊழியர்களுக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையம், ஹோம் (HOME), டிடபிள்யூசி2 (TWC2) ஆகிய உதவி அமைப்புகள் இருக்கின்றன. எவ்வளவு கிடைக்கலாம், யார் பங்கு எவ்வளவு என்று தோராயமாக அறிய, மோட்டார் ஆக்சிடென்ட் கிளெய்ம்ஸ் ஆன்லைன் என்ற இலவச இணையக் கருவி இருக்கிறது.

மருத்துவமனை வாசலிலோ விடுதியிலோ வந்து, 'வரும் பணத்தில் 30 விழுக்காடு கொடு, நான் வக்கீல் பிடித்துத் தருகிறேன்' என்பவரோடு பேசாதீர்கள். விபத்து வழக்கில் இழப்பீட்டில் பங்கு கேட்க சிங்கப்பூரில் வழக்கறிஞர்களுக்கே அனுமதி இல்லை. ஆள் பிடித்துத் தருவதற்கும் இல்லை. கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள்.

காப்புறுதி நிறுவனம் சீக்கிரமே ஒரு தொகையைச் சொல்லி, 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று ஒரு தாளை நீட்டும். அதில் கையெழுத்திட்டால் பிறகு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலும் திரும்பக் கேட்க முடியாது. எலும்பு முறிவு என்றால், காயம் நிலைபட்டுவிட்டது, இனி எவ்வளவு குறை தங்கும் என்று நிபுணர் அறிக்கை தரும்வரை அந்தத் தாளை எடுத்து வையுங்கள். சைக்கிள் பழுதுக்கு மட்டும் பணம் தருகிறார்கள் என்றாலும், தாளில் காயத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று ஒரு முறை வரி வரியாகப் படியுங்கள்.