அக்கிலீஸும் ஈடிபஸும்: தெய்வம் சொல்லாத இடம்

கிரேக்க நாயகர்களைப் பற்றிப் பேசும்போது, தன் முடிவைத் தானே தேர்ந்துகொண்டவன் அக்கிலீஸ் என்றும், விதியின் கையில் அகப்பட்டவன் ஈடிபஸ் என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

டிராயில் நின்று போரிட்டால் குறுகிய வாழ்வும் அழியாப் புகழும், ஊர் திரும்பினால் நீண்ட ஆயுள் மட்டுமே என்று தாய் தெட்டிஸ் உரைத்ததை ஹோமரின் இலியட் காவியத்தின் 9-ஆம் காண்டத்தில் அக்கிலீஸே சொல்கிறான். ஆனால் 18-ஆம் காண்டத்தில், டிராய் இளவரசன் ஹெக்டர் மாண்டால் அடுத்து மாள்பவன் நீதான் என்று அவள் எச்சரித்தும் அவன் போருக்கு எழுவது, ஹெக்டர் கையில் மாண்ட தோழன் பெட்ரோக்ளஸைக் காக்கத் தவறிய துயரமும் சினமும் உந்தியதால்தான். ஆற அமர எடுத்த முடிவாக அது எனக்குத் தோன்றவில்லை.

ஈடிபஸ் அறியாமலே தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் சோஃபக்ளிஸின் நாடகம் தொடங்குமுன்பே முடிந்துவிட்டன. மேடையில் நாம் காண்பது விசாரணையை மட்டுமே. தீப்ஸ் நகரின் கொள்ளைநோய் நீங்க, ஈடிபஸின் தந்தையும் முன்னாள் மன்னனுமான லாயஸைக் கொன்றவனைக் கண்டறிய வேண்டும் என்பதே தெய்வவாக்கு உரைக்கும் தலமான டெல்ஃபியிலிருந்து வந்த கட்டளை. தன் பிறப்பைத் துருவும்படி எந்தத் தெய்வமும் அவனுக்கு ஆணையிடவில்லை. குருட்டு முனிவர் டைரீசியஸ் முதலில் வாய் திறக்க மறுக்கிறார். உண்மையை அவனுக்கு முன்பே உணர்ந்துவிட்ட, அவன் தாயும் மனைவியுமான யொகாஸ்டா, உயிர்மேல் ஆசையிருந்தால் இதை விட்டுவிடு என்று மன்றாடுகிறாள். கடைசியில் வந்து நிற்கும், குழந்தை ஈடிபஸைக் கைவிட அனுப்பப்பட்ட கிழட்டு இடையனும் கேட்காதீர்கள் என்று கெஞ்சுகிறான். சொல்லக் கொடியதன் விளிம்பில் நிற்கிறேன் என்று அவன் தயங்கும்போது, கேட்கக் கொடியதன் விளிம்பில் நானும் நிற்கிறேன், ஆயினும் கேட்டே ஆகவேண்டும் என்கிறான் ஈடிபஸ். அந்த ஒரு வரிக்காகவே அவனை விதியின் பொம்மை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அக்கிலீஸிடம் இதற்கு இணையான இடம் போர்க்களத்தில் இல்லை. 24-ஆம் காண்டத்தில், அவனது கூடாரத்தில் இருக்கிறது. தன் மைந்தர்களைக் கொன்ற கைகளை முத்தமிட்டு டிராயின் முதிய மன்னன் பிரியம் ஹெக்டரின் உடலைக் கேட்கிறான். உடலைத் திருப்பித் தருவது தெய்வங்களின் தலைவன் ஸ்யூஸின் ஆணை. ஆனால் கிழவனோடு சேர்ந்து அழுவதும், ஈமச்சடங்குக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டு அதுவரை போரை நிறுத்தி வைப்பதும் அக்கிலீஸின் சொந்தச் செயல்கள். அங்கே ஒரு சிறு செய்தியை ஹோமர் வைத்திருக்கிறார்: மகனின் உடலைக் கண்டு பிரியம் வெகுண்டால் தானும் வெகுண்டு அவனைக் கொன்றுவிடக்கூடும் என்று அஞ்சி, உடலை மறைவாகக் கழுவி எண்ணெய் பூசும்படி அக்கிலீஸ் பணிக்கிறான், பிறகு தானே அதைத் தூக்கிப் பாடையில் கிடத்துகிறான். இத்தகைய எச்சரிக்கை ஈடிபஸுக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. மூன்று சாலைகள் கூடுமிடத்தில் முதியவர் லாயஸை அடித்துக் கொன்ற அதே சினத்தோடுதான், வாய் திறக்க அஞ்சும் இடையனின் கைகளையும் பின்னால் முறுக்கச் சொல்கிறான்.