பித்தளைத் தோட்டா உறையின் ஆயுள்

டெக்சாஸில் சுட்ட தோட்டாக்களின் காலி பித்தளை உறைகளைத் தானே மறுபடி நிரப்பிச் சுடும் மைத்துனர் விடுமுறைக்குத் தொண்டி வந்திருக்கிறார். இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே எங்களுக்குப் பேச்சு மட்டும்.

உறையின் கழுத்தில், அதாவது குண்டைப் பிடித்திருக்கும் வாய்ப் பகுதியில், விரிசல் கண்டால் கழித்துவிட வேண்டுமாம். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிவது அதைவிட மோசம்: சுவர் உள்ளே மெலிந்திருக்கலாம், சுடும்போது உறை இரண்டாகப் பிய்ந்துபோகும். சந்தேகமென்றால் நுனி வளைத்த மெல்லிய கம்பியால் உட்புறம் தடவுகிறார், பள்ளம் தட்டுப்படும். அடியில் செருகும், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் இறுக்கமின்றி நுழைந்தாலும் அந்த உறை குப்பைதான். சூடேற்றிப் பதமாக்குவது கழுத்துக்கு உதவும். அடியைச் சூடாக்குகிறவருக்குத் தன் முகத்தின் மீது ஆசையில்லை என்று பொருள்.

பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் சுடாமலேயே விரிசல் விட்டன. காரணம் குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியா. எங்கள் கருவாட்டுக் கொட்டகையை மைத்துனர் சந்தேகத்தோடு பார்க்கிறார்.