கண்ணாடிக்கு அடியிலிருந்து பார்த்த நத்தையும் புழுவும்

நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுத் தோட்டத்தில், மழை விழுந்ததும் பூந்தொட்டிகளுக்கு அடியில் வந்து ஒட்டிக்கொள்ளும் ஓடில்லா நத்தைகளையும் புழுக்களையும் இனம் பிரித்து எழுதிவைக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் பெய்யும் ஊர் என்பதால் உயிரினங்களுக்குக் குறைவில்லை. பெயர் வைப்பதில்தான் தடுமாற்றம்.

முதல் ஆண்டு முழுவதும் முதுகை மட்டுமே படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கறுத்த, தட்டையான உடலும் நடுமுதுகில் வெளிர்கோடும் கொண்ட நத்தை எதைக் காட்டினாலும், கைப்பேசிச் செயலி அதை ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பரவிய லீவிகாலிஸ் ஆல்டே என்றே சொன்னது. நானும் அப்படியே குறித்துக்கொண்டேன். பின்னர் ஐரோப்பிய நத்தைகளுக்கான அடையாளக் குறிப்பு ஒன்றைப் படித்தேன். உடலின் வலப்புறத்தில் மூச்சுத் துளை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அது மேலுறையின், அதாவது தலைக்குப் பின்னால் முதுகை மூடியிருக்கும் தோல்மடிப்பின், முன்பாதியில் இருந்தால் ஏரியன் பேரினம், பின்பாதியில் இருந்தால் லைமாக்ஸ் போன்றவை என்று அதில் இருந்தது. அன்று இரவு டார்ச் விளக்கும் உருப்பெருக்கியுமாக உட்கார்ந்து, இல்லாத துளையை ஒரு மணி நேரம் தேடினேன். எங்கள் தோட்டத்து நத்தை வெரோனிசெல்லிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்து நத்தைகளுக்குத் தனியான மேலுறையும் கிடையாது, பக்கவாட்டில் மூச்சுத் துளையும் கிடையாது.

அதன் பிறகுதான் பழைய படச்சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி, நத்தையை அதன்மேல் ஊரவிட்டு, கீழிருந்து படம் எடுக்கத் தொடங்கினேன். முதுகில் ஒன்றுபோலத் தெரிந்தவை அடிப்பக்கத்தில் வேறுபட்டன. ஊர்ந்து செல்லும் பாதம் சிலவற்றில் ஒரு நாடாவைப்போல ஒடுங்கியிருந்தது. வேறு சிலவற்றில் அகன்றிருந்தது. நன்கு வளர்ந்த லீவிகாலிஸ் ஆல்டேயின் பாதம் நான்கைந்து மில்லிமீட்டர் அகலமே இருக்கும் என்பதால் ஒடுங்கியவற்றை அந்தப் பெயரிலேயே விட்டுவைத்தேன். அகன்ற பாதமுள்ளவை செம்பெருலா பேரினத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று தோன்றினாலும், ஆண் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தையும் அதனோடு சேர்ந்த சுரப்பியின் குழல்களையும் அறுத்துப் பார்க்காமல் இந்தக் குடும்பத்தில் உறுதியாகப் பெயர் சொல்வது கடினம். ஆகவே பழைய பதிவுகளில் பதினேழை அழித்து, குடும்பப் பெயரை மட்டும் எழுதினேன். மனத்துக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை.

வெறுங்கையால் இவற்றைத் தொடுவதையும் நிறுத்திவிட்டேன். எலியின் நுரையீரலில் வாழும் ஆஞ்சியோஸ்டிராங்கிலஸ் என்னும் உருளைப்புழுவின் இளம்பருவங்கள் நத்தைகளின் உடலில் வளர்கின்றன. அவை மனிதருக்குள் சென்றால் மூளையுறை அழற்சியை உண்டாக்கக்கூடும். கையுறை இல்லாத நாளில் இலையால் தள்ளிக் கண்ணாடியில் ஏற்றுகிறேன்.

மண்புழு உரத்தொட்டியின் ஈரச்சாக்குக்கு அடியில் கிடைத்த தட்டைப்புழுவோ முதுகாலேயே அடையாளம் காணக்கூடியது. ஆனால் தலை படத்தில் விழ வேண்டும். விசிறிபோல் விரிந்த தலையும் நீளவாக்கில் ஐந்து கருங்கோடுகளும் கொண்ட அதைப் பார்த்து, எங்கள் அத்தை பாம்புக்குட்டி என்று அலறினார். அது பைபாலியம் கியூவென்ஸ்: 1878இல் லண்டனின் கியூ தாவரத் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் கிடைத்ததை வைத்து விலங்கியலாளர் மோஸ்லி விவரித்த இனம், மண்புழுக்களைத் தின்று வாழ்வது. இதோடு குழம்பக்கூடிய மல்டிலினியேட்டம் என்ற இனத்தில் நடுக்கோடு தலைத்தட்டின் மேலேயே தொடங்கும். கியூவென்ஸில் கழுத்தருகேதான் தொடங்கும். தொந்தரவு செய்தால் புழு தலையைச் சுருக்கிக்கொள்ளும் என்பதால், என் முதல் பதினொரு படங்களில் ஒன்றுகூடப் பயன்படவில்லை. ஈரமான கண்ணாடியில் அது தானாக நகரும்வரை காத்திருந்த பிறகே கோட்டின் தொடக்கம் தெளிவாகத் தெரிந்தது. அது விட்டுச்சென்ற வால்துண்டு ஒன்றை ஈரத்தாளோடு டப்பாவில் மூடிவைத்தேன். பத்தாம் நாள் அதன் முன்முனையில் நிறம் குறைந்த ஒரு சிறு தலை உருவாகத் தொடங்கியிருந்தது.

மண்புழுக்களில் பிழை என் எண்ணிக்கையில் இருந்தது. பதினோராம் வகுப்பு விலங்கியல் பாடநூலில் வரும் லாம்பிட்டோ மாரிட்டிக்குக் கிளைடெல்லம் என்னும் தடித்த பட்டை, உடல் வளையங்களான கண்டங்களில் 14 முதல் 17 வரை அமைந்திருக்கும். எனக்கோ ஒவ்வொரு முறையும் 15 முதல் 18 என்றே வந்தது. வாய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சதைமடலையும் ஒரு கண்டமாகச் சேர்த்து எண்ணியிருக்கிறேன்! தென்னமெரிக்காவிலிருந்து பரவிய பொன்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ருரஸ் அந்த வகையில் இரக்கமுள்ள புழு: வால்பகுதியின் மயிர்முட்கள் நேர்வரிசையில் அமையாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி நிற்பதை உருப்பெருக்கியில் பார்த்துவிடலாம். கிளைடெல்லம் வளராத இளம்புழுக்களில் மற்றவற்றை மண்புழு என்று மட்டும் எழுதி விட்டுவிடுகிறேன்.

சென்ற ஐப்பசியில், அகன்ற பாதமுள்ள நத்தை ஒன்று கதவிடுக்கில் நசுங்கிக் கிடந்தது. உயிர் முழுவதும் போகவில்லை என்பதைக் கவனிக்காமல் நேரே ஆல்கஹாலில் போட்டேன். மறுநாள் அது கொட்டைப்பாக்குபோல இறுகி, ஓரங்கள் உள்மடிந்து, பாதமே தெரியாமல் கிடந்தது. அறுக்க முயன்று கைவிட்டேன். நத்தையை முதலில் விளிம்புவரை நீர் நிரப்பி மூடிய புட்டியில் ஓர் இரவு வைத்து, உடல் தளர்ந்து நீண்ட பிறகே ஆல்கஹாலுக்கு மாற்ற வேண்டுமாம். அகன்ற வாய்ப்புட்டி ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறேன்.