வரிச்சூரை: வலையைவிட மிதவையே சிக்கல்

வயிற்றோரம் நீளவாக்கில் கருங்கோடுகள் ஓடும் வரிச்சூரை மீனுக்கு நீந்துவதை நிறுத்த வழியில்லை. காற்றுப்பை இல்லாததால் நின்றால் மூழ்கும்; வாயைத் திறந்தபடி முன்னேறினால்தான் செவுள்கள் வழியே போதிய நீர் பாய்ந்து மூச்சு கிடைக்கும். தசைகளில் பிறக்கும் வெப்பத்தை நுண்குழாய்ப் பின்னல் ஒன்று உடலிலேயே தக்கவைப்பதால், சுற்றியுள்ள நீரைவிட அதன் உடல் வெதுவெதுப்பாக இருக்கிறது.

சுமார் 40 முதல் 45 சென்டிமீட்டர் வளர்ந்ததும், ஏறக்குறைய ஒன்றரை வயதுக்குள் பருவமடைந்து, வெப்பமண்டலக் கடல்களில் ஆண்டு முழுவதும் முட்டையிடும் இந்த இனம், பெருமளவு பிடிபட்டும் தாக்குப்பிடிப்பதற்கு அந்த வேகமே முதன்மைக் காரணம்.

ஆனால் அதன் கூட்டத்தில் வேறு மீன்களும் கலந்திருக்கும். மீன்களைத் திரட்டுவதற்காகக் கடலில் விடப்படும் மிதவைகளின் அடியில் மெதுவாகப் பருவமடையும் பெருங்கண் சூரையின் குஞ்சுகளும் சேர்ந்துகொள்வதால், சுருக்குவலை எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிவிடுகிறது. மேற்கு, மத்திய பசிபிக்கில் சூரைப் பிடிப்பைக் கூட்டாக நிர்வகிக்கும் தீவு நாடுகளான நவ்ரு ஒப்பந்த நாடுகள் கப்பல்களின் மீன்பிடி நாட்களுக்கு வரம்பு வைத்து அவற்றைக் கட்டணத்துக்கு விற்பதோடு, ஆண்டில் ஒரு குறிப்பிட்ட காலம் மிதவையருகே வலைவீசவும் தடை விதிப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மாலத்தீவினர் தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் முறையில் பிற உயிரினங்கள் சிக்குவது மிகக் குறைவு. எனினும் அதற்கு உயிருள்ள சிறுமீன் இரை ஏராளமாகத் தேவைப்படுவதால், பவளத்திட்டுகளை ஒட்டிப் பிடிக்கப்படும் அந்தச் சிறுமீன்களுக்கும் கணக்கு வேண்டும்.