கிரேடு 8 கீபோர்ட்: சோல் இசையில் ப்ராக் ராக் கலப்பவர்கள் 28 வரை எண்ணுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, டிஸ்டிங்ஷன், பெரிய நிம்மதி. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் ராக் அண்ட் பாப் தேர்வின் புத்தகப் பாடல்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். புத்தகத்துக்கு வெளியே நாமே தேர்ந்தெடுக்கும் பாட்டைப் பற்றி, அதுவும் ஒரு சோல் பாட்டை (கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சிமிக்க பாப் இசை) ப்ராக் (நீளமும் சிக்கலான தாளமும் கொண்ட ராக்) வடிவத்துக்குக் கொண்டுபோவதைப் பற்றி, தமிழில் எதுவும் கண்ணில் படவில்லை. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

இந்தக் கலவையை எடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்றுதான். முதல் ஒரு நிமிடம் அழகான சோல். திடீரென்று 7/8-இல் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு), அதன்மேல் வேகமான சின்த் சோலோ, பிறகு மறுபடியும் சோல். வாசிப்பு சுத்தமாக இருந்தாலும் காதுக்கு இரண்டு பாட்டை ஒட்டவைத்தது போலத்தான் கேட்கும், ‘கம்யூனிகேஷன் அண்ட் ஸ்டைல்’ மார்க் அங்கேயே போய்விடும். காரணம் எளிது. சோல் பாட்டின் உயிர் பாரின் 2, 4-ஆவது பீட்களில் விழும் ஸ்னேர் டிரம் அடி, அதாவது பேக்பீட். டிரம்ஸும் உங்களோடு சேர்ந்து மீட்டர் (தாள அளவு) மாறினால் அந்த பேக்பீட் அறுந்துபோகிறது, கேட்பவரின் கால் தட்டுவதை நிறுத்திவிடுகிறது.

ஆகவே டிரம்ஸை மாற்றாதீர்கள். டிரம்ஸ் 4/4-இலேயே (பாருக்கு நான்கு பீட்) போகட்டும். நீங்கள் மட்டும் 7 பீட் ரிஃப் வாசியுங்கள். 28 பீட் முடிந்ததும் இருவரும் ஒன்றாக இறங்குவீர்கள்: உங்களுக்கு 4 சுற்று, டிரம்ஸுக்கு 7 பார். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். உங்கள் நான்கு சுற்றுகளும் டிரம்ஸ் பாரின் 1, 4, 3, 2 ஆகிய பீட்களில் இந்த வரிசையில் தொடங்கும், ஐந்தாவது மறுபடி 1-இல் வரும். முதல் சுற்றில் ஸ்னேர் உங்கள் ரிஃப்பின் 2, 4, 6-இல் விழும். இரண்டாவது சுற்றில் 1, 3, 5, 7-க்கு மாறும். மூன்றாவதில் பழையபடி 2, 4, 6. ஆபத்து இங்கேதான். 14 பீட் முடிந்ததும் ஸ்னேர் தன் பழைய இடத்தில் இருப்பதால் ‘வீடு வந்துவிட்டது’ என்று கை நம்பிவிடும். உண்மையில் டிரம்ஸ் அப்போது பாரின் நடுவில், 3-ஆவது பீட்டில் இருக்கிறது. அங்கே கோரஸைத் தொடங்கிவிட்டால் மீட்க வழியே இல்லை. பேக்கிங் டிராக்கில் (நீங்கள் வாசிக்கும்போது கூட ஓடும் பதிவு) 29-ஆவது பீட்டில் மட்டும் ஒரு க்ராஷ் (பெரிய சிம்பல் அடி) வையுங்கள், இடையில் எங்கும் க்ராஷ் வேண்டாம்.

ரிஃப்பை 4+3 ஆகப் பிரியுங்கள். மிஸ்ர சாபு பழகிய கைகள் ‘தகிட தகதிமி’ என்று 3+4 ஆகத்தான் போகும். இங்கே ‘தகதிமி தகிட’ என்று திருப்பிச் சொல்லிப் பழகுங்கள். முதல் நான்கு பீட் டிரம்ஸின் முதல் பாரோடு அப்படியே பொருந்தும், வித்தியாசம் ஐந்தாவது பீட்டுக்குப் பிறகுதான் தெரியும். ஆதி தாளம் போட்டபடி இந்த ஏழை 8 முறை சொன்னால் 7 ஆவர்த்தனத்தில் சமத்துக்கு வரும். கீபோர்டைத் தொடும் முன் இதைக் கையிலும் வாயிலும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஜி மைனரில் ஒரு மாதிரி ரிஃப்:

- 1: ஜி, முழு பீட்
- 2: பி ஃப்ளாட், சி (அரை அரை பீட்)
- 3: ஓய்வு
- 4: டி, சி (அரை அரை பீட்)
- 5: பி ஃப்ளாட்
- 6: கீழ் எஃப்
- 7: ஓய்வு

3-உம் 7-உம் காலியாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. அந்த இடைவெளியில்தான் ஸ்னேரும் கிக்கும் காதில் விழும். ஓய்வை நிரப்ப ஆசை வரும். நிரப்பினால் வெறும் வேகப் பயிற்சி ஆகிவிடும்.

இது யாரும் புதிதாகக் கண்டுபிடித்த பாதை இல்லை. தேர்வுக்கு முன் சில பதிவுகளை உட்கார்ந்து கேளுங்கள். 1967-இல் வனிலா ஃபட்ஜ், சுப்ரீம்ஸின் ‘யூ கீப் மீ ஹேங்கிங் ஆன்’ பாட்டை வேகம் குறைத்து, ஹேமண்ட் ஆர்கனால் கனமாக்கி, ஆல்பத்தில் 7 நிமிடத்துக்கு மேல் நீட்டினார்கள். 1969-இல் ஐசக் ஹேஸ் வெளியிட்ட ‘ஹாட் பட்டர்டு சோல்’ ஆல்பத்தில் மொத்தமே நான்கு பாட்டு, அதில் ஒன்று 18 நிமிடத்துக்கு மேல். 1972-இல் நார்மன் விட்ஃபீல்ட் தயாரிப்பில் டெம்ப்டேஷன்ஸ் பாடிய ‘பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்’ ஆல்பம் வடிவம் கிட்டத்தட்ட 12 நிமிடம். குரல் வருவதற்கே ஏறக்குறைய 4 நிமிடம் ஆகிறது, பாட்டு முழுக்க பி ஃப்ளாட் மைனரை விட்டு பேஸ் நகர்வதே இல்லை. மீட்டரும் மாறவில்லை, கோர்டும் மாறவில்லை. வயலின்கள், வா-வா கிட்டார், கைதட்டல் எல்லாம் உள்ளே வந்து வெளியே போவதில்தான் அத்தனை நீளமும் தாங்குகிறது. ப்ராக் என்றால் சிக்கல் என்று மட்டும் நினைப்பவர்கள் இதை இரண்டு முறை கேட்க வேண்டும்.

எதிர்த்திசையிலிருந்து வந்தவர்களையும் கேளுங்கள். பிங்க் ஃப்ளாய்டின் ‘மணி’ (1973) ரிஃப் 7/4. சாக்ஸஃபோன் சோலோவும் ஏழிலேயே போகிறது. கிட்டார் சோலோ வந்ததும் பேண்ட் 4/4-க்கு இறங்கிவிடுகிறது. புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் தனக்கு எவ்வளவு முக்கியம் என்று டேவிட் கில்மோர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் பேண்ட், அந்த ஸ்டாக்ஸ் சோல் ‘மணி’ ரிஃப்பின் அடியில் கிடக்கிறது. அதே ஆல்பத்தின் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாட்டில் கிளேர் டோரி சொற்களே இல்லாமல் பாடத் தொடங்கும் பகுதிக்குக் கீழே ரிச்சர்ட் ரைட் வாசிப்பது ஜி மைனர் 7, சி 9 என்ற இரண்டே கோர்ட். சோல் மேடையில் எந்த இரவிலும் கேட்கக்கூடிய வேம்ப் (சுற்றிச் சுற்றி வரும் கோர்ட் வரிசை) அது.

இனி அமைப்பு. ப்ராக் ராக்குக்கு நீளம் வேண்டும், தேர்வில் நேர வரம்பு உண்டு. 88 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 88 பீட்) இப்படிப் போகலாம்:

- முன்னிசை, 4/4, 8 பார் (32 பீட்)
- முதல் சரணம், 16 பார் (64)
- கோரஸ், 8 பார் (32)
- ஏழு ரிஃப், 8 சுற்று (56)
- இரண்டாம் சரணம், 8 பார் (32)
- பெடல் பகுதி (அடி ஸ்வரம் மாறாமல் நிற்கும் இடம்), 8 பார் (32)
- சோலோ, ஏழில், 12 சுற்று (84)
- கோரஸ், 8 பார் (32)
- முடிவு, டிரம்ஸும் சேர்ந்து 7/4, 2 பார் (14)

மொத்தம் 378 பீட், அதாவது 4 நிமிடம் 18 விநாடி. 56-உம் 84-உம் 28-இன் மடங்குகள். உங்கள் பாட்டுக்கு நீளத்தை மாற்றினாலும் அந்த மடங்கை விடாதீர்கள். கடைசி இரண்டு பாரில் மட்டும் டிரம்ஸ் உங்களோடு ஏழுக்கு வருகிறது. பாட்டு முழுக்க அடக்கிவைத்ததால்தான் அந்த இடம் அடிபோல் விழும்.

பெடல் பகுதியில் இடது கை ஜி-யிலேயே 32 பீட் நிற்கட்டும். வலது கையில் எட்டெட்டு பீட்டாக, கீழிருந்து மேலாக:

- எஃப், ஏ, சி
- எஃப், பி ஃப்ளாட், டி
- ஈ, ஏ, சி ஷார்ப்
- ஈ ஃப்ளாட், ஜி, பி ஃப்ளாட்

முதல் கோர்ட் சோல் பாட்டுகளில் தினமும் கேட்பது. வழக்கமாக அது சி-க்குப் போய் அமரும். இங்கே அமரவிடாமல் அடுத்த மூன்றுக்கு நகர்த்துகிறோம், ப்ராக் அங்கே பிறக்கிறது. கீழ்க் குரலைப் பாருங்கள்: எஃப், எஃப், ஈ, ஈ ஃப்ளாட். சோலோவின் முதல் கோர்டை டி-யை அடியில் வைத்து (டி, ஜி, பி ஃப்ளாட்) பிடித்தால் அந்த இறக்கம் முழுமையாகிறது. இது என் கைக்கு மிகவும் பிடித்த இடம். பளபளப்பான சோலோவைவிட இங்கேதான் உங்கள் காது எப்படிப்பட்டது என்று தேர்வாளருக்குத் தெரியும்.

ஒலி விஷயத்தில் மூன்று பேட்ச் (கீபோர்டில் சேமித்த ஒலி அமைப்பு) போதும்.

ஆர்கன்: டிராபார் (ஒலிக் கலவையை மாற்ற இழுக்கும் கம்பிகள்) 88 8000 000, பெர்கஷனை (ஸ்வரத்தின் தொடக்கத்தில் கேட்கும் தட்டல்) மூன்றாம் ஹார்மோனிக்கில் வையுங்கள். கோரஸில் மேல் டிராபார்களையும் இழுத்துத் திறக்கலாம். லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கரின் மேல் ஹார்ன் சட்டென்று வேகம் பிடிக்கும், கீழ் ரோட்டருக்குச் சில விநாடி பிடிக்கும். கோரஸ் தொடங்கும் இடத்தில் சுவிட்சைத் தட்டினால் தாமதம். இரண்டு பீட் முன்பே தட்டுங்கள்.

கிளாவினெட் (கிட்டார்போல் வெட்டி ஒலிக்கும் மின் கீபோர்ட்): ஏழு ரிஃப்புக்கு இதைத் தவிர வேறொன்றும் பொருந்தாது. சஸ்டெய்ன் பெடலில் கால் வைக்கவே கூடாது. ஸ்டீவி வொண்டரின் ‘சூப்பர்ஸ்டிஷன்’ (1972) கேட்டால் ஏன் என்று புரியும்.

மெலட்ரான்: பெடல் பகுதிக்கு. அசல் கருவியில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு டேப் துண்டு, சுமார் 8 விநாடிதான் ஒலிக்கும். இன்றைய சாம்பிள் பேட்ச்கள் முடிவில்லாமல் ஒலிக்கும், அதை நம்பி அழுத்திக்கொண்டே இருந்தால் சாதாரண ஸ்ட்ரிங்ஸ் ஆகிவிடும். 88 பிபிஎம்மில் 8 பீட் என்பது ஐந்தரை விநாடிக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு கோர்டையும் எடுத்து மறுபடி அழுத்துங்கள்.

பேக்கிங் டிராக் செய்யும்போது மென்பொருளில் கடைசி இரண்டு பார் தவிர முழுவதையும் 4/4 ஆகவே வைத்திருங்கள். நடுவில் 7/4 போட்டால் சில மென்பொருள்களில் டிரம் லூப் ஒவ்வொரு பாரிலும் வெட்டப்பட்டு முதலிலிருந்து தொடங்கலாம், அப்போது இவ்வளவு உழைப்பும் வீண். ஸ்னேரை மட்டும் கிரிட்டுக்கு (மென்பொருளின் பீட் கோடு) 10 முதல் 15 மில்லிவிநாடி பின்னால் தள்ளுங்கள். 30-ஐத் தாண்டினால் பிழையாகக் கேட்கும். கிக்கைத் தொடாதீர்கள். தேர்வு அறையில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் ஆழமான பேஸ் காணாமல் போகும், அதனால் பேஸுக்கு லேசான டிரைவ் (டிஸ்டார்ஷன்) கொடுங்கள். உங்கள் கீபோர்ட் பாகம் டிராக்கில் எங்கும் இருக்கக்கூடாது.

தேர்வின் இன்னொரு பகுதியான செஷன் ஸ்கில்ஸில் இம்ப்ரோவைசிங் (அங்கேயே கற்பனையாக வாசிப்பது) எடுப்பவர்கள் இந்த 28 வித்தையை அங்கே கொண்டுபோகாதீர்கள். அங்கே கொடுக்கும் டிராக்கின் நீளம் உங்கள் கையில் இல்லை.

தேர்வன்று கவனிக்க:

- சஸ்டெய்ன் பெடலை மிதித்தபடி கீபோர்டை ஆன் செய்யாதீர்கள். பல மாடல்களில் பெடல் தலைகீழாக வேலை செய்யும்.
- பேட்ச் மாற்றும்போது ஒலிக்கும் ஸ்வரம் அறுபடும் கீபோர்ட் என்றால், மாற்றத்தை ரிஃப்பின் 7-ஆவது பீட் ஓய்வில் செய்யுங்கள்.
- சவுண்ட் செக்கில் முன்னிசையை வாசிக்காதீர்கள். பாட்டின் மிகச் சத்தமான இடமான முடிவு பாரை வாசித்து அளவு பாருங்கள்.
- தேர்வாளருக்குக் கொடுக்கும் லீட் ஷீட்டில் (மெட்டும் கோர்டும் எழுதிய தாள்) ஏழு பகுதிகளை 7/4 ஆக எழுதி, மேலே ‘டிரம்ஸ் 4/4’ என்று குறித்து, 28 பீட்டுக்கு ஒருமுறை இரட்டைக் கோடு போடுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் நீங்கள் தாளம் தவறுவதாகவே அவர் நினைக்க வாய்ப்பிருக்கிறது.