கோண்ட் குன்றின் மேல்: ஒரு யெரெவான் நாட்குறிப்பு

12 ஏப்ரல் 2025, சனி

அர்மீனியத் தலைநகர் யெரெவானின் பழைய குடியிருப்பான கோண்டில் அறை எடுத்திருக்கிறேன் என்று அலுவலகத்தில் சொன்னதும் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே கேட்டார்கள்: "அதை இடிக்கப்போகிறார்களே, தெரியாதா?" மாலையில் வீட்டுக்காரப் பாட்டியிடம் கேட்டேன். அடுப்பிலிருந்த காப்பிப் பாத்திரத்தைக் கீழே இறக்காமலே, "நான் இங்கே மருமகளாக வந்த அன்றும் அதையேதான் சொன்னார்கள். உட்கார், ஜான்" என்றார். ஜான் என்றால் இங்கே 'கண்ணே' போல. அவருக்கு இப்போது எண்பதுக்கு மேல்.

கோண்ட் இருப்பது நகரத்தின் மையத்திலேயே. கீழே சர்யான் தெருவில் வைன் விடுதிகள். ப்ரோஷ்யான் தெருவில் இறைச்சி சுடும் புகை. பரோன்யான் தெருவில் பெரிய ஹோட்டல். அங்கிருந்து ஐந்து நிமிடம் ஏறினால் கார் நுழையாத சந்துகள். எங்கள் சந்தில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். பாதிச் சந்துகள் யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் போய் முடிகின்றன. மஞ்சள் எரிவாயுக் குழாய் தலைக்கு மேலே ஓடி, ஒவ்வொரு வாசலிலும் எழும்பி வளைந்து இறங்குகிறது.

என் அறையின் வெளிச்சுவரை இன்று நிதானமாகப் பார்த்தேன். அடியில் ஆற்றுக்கல், அதன்மேல் வைக்கோல் கலந்த பச்சைச் செங்கல், பிறகு இரண்டு வரிசை இளஞ்சிவப்பு எரிமலைக்கல், அதற்கும் மேலே தகரம். தகரத்தில் பழைய ரஷ்ய எழுத்துகள் பாதி தெரிகின்றன. எந்தத் தலைமுறை எதை ஒட்டியது என்று பாட்டி விரல் நீட்டிச் சொல்கிறார்.

20 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர். வெங்காயத் தோலில் வேகவைத்துச் சிவப்பேற்றிய முட்டைகள், உலர்திராட்சை போட்ட சோறு, மீன், கீரை. முட்டையோடு முட்டை மோதும் விளையாட்டில் எதிர்வீட்டுச் சிறுவன் என்னுடையதை நொறுக்கிவிட்டு, விதிப்படி அதையும் எடுத்துக்கொண்டான்.

காலையில் குன்றின் வடபக்கத்துப் புனித யோவான் தேவாலயத்துக்குப் போனோம். 1679இல் பெரும் நிலநடுக்கம் யெரெவானைத் தரைமட்டமாக்கியது. அப்போது விழுந்த பழைய கோயிலின் இடத்தில் 1710இல் கட்டியது இது. பாரசீக ஆட்சிக் காலத்தில் அர்மீனியர்களின் தலைவர்களாக இருந்த மெலிக் அகமால்யான் குடும்பம் இந்தக் குன்றில்தான் வாழ்ந்தது. அன்றைய நகரின் மூன்று பேட்டைகளில் இது ஒன்று. அப்போது இதற்குப் பெயர் தெபேபாஷி. 1827இல் ரஷ்யப் படை நகரைப் பிடித்தபோதும் இதன் சந்துகள் இப்படித்தான் கிடந்திருக்கும். ஊர் எங்கே என்று வாசலில் ஒருவர் கேட்டார். சென்னை என்றால் புரியவில்லை. மதராஸ் என்றதும் கையைப் பிடித்துக் குலுக்கினார். உலகின் முதல் அர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் மதராஸில்தான் வெளிவந்தது. அங்கிருந்த ஷ்மவோன்யான் என்ற பாதிரியார் நடத்தியது. என் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாது. இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

24 ஏப்ரல், வியாழன்

1915இல் ஒட்டோமான் துருக்கியில் தொடங்கிய அர்மீனிய இனப்படுகொலையின் நினைவு நாள். குன்றின் மேற்கு விளிம்பில் நின்றால் ஹ்ராஸ்தான் பள்ளத்தாக்கும், அதற்கு அப்பால் 1967இல் எழுப்பிய சிசெர்னகபெர்த் நினைவிடத்தின் 44 மீட்டர் ஊசித்தூணும் தெரியும். காலையிலிருந்து பூக்களுடன் மக்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். நாங்களும் போனோம். அணையா நெருப்பைச் சுற்றிப் பூக்கள் இடுப்புயரத்துக்கு மதிலாகக் குவிந்திருந்தன.

திரும்பும் வழியில் பாட்டி என்னைப் பழைய மசூதிக்கு அழைத்துப் போனார். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. 1915க்குப் பிறகு உயிர் தப்பி வந்த அகதிகள் ஒதுங்க இடமில்லாமல் இதற்குள் குடியேறினார்கள். தொழுகைக் கூடத்தைத் தடுத்துத் தடுத்து அறைகள், அறைகளுக்கு அடுப்பு, அடுப்புக்குப் புகைபோக்கி என்று அது வீடுகளாகிவிட்டது. குவிமாடம் என்றோ இடிந்துபோயிற்று. கூரான வளைவு ஒன்று மட்டும் முழுசாக நிற்கிறது. அதன் நெற்றியில் மின்சார மீட்டர். வளைவுக்கு அடியில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். "இங்கே என் பெரியம்மா பிள்ளை பெற்றாள்" என்றார் பாட்டி. மஷ்தோத்ஸ் அவென்யூவில் 18ஆம் நூற்றாண்டின் நீல மசூதியைப் பளிச்சென்று புதுப்பித்து வைத்திருக்கிறார்கள்; சுற்றுலாக் கையேடுகள் எல்லாவற்றிலும் உண்டு. மக்களைக் காப்பாற்றிய மசூதி இதுதான், என்னைக் கேட்டால்.

17 மே, சனி

மழை. கூரையில் நான்கு இடத்தில் ஒழுக்கு. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏணியோடு வந்தார். ஓய்வு பெற்ற மின்பணியாளர், ஊர் வரலாற்றில் பைத்தியம். ஆணி அடித்துக்கொண்டே பேசினார்.

கட்டடக் கலைஞர் தமான்யான் 1924இல் புது யெரெவானுக்கு வரைபடம் போட்டார், ஒன்றரை லட்சம் பேருக்கான நகரம். இன்று பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த நேர்த் தெருக்களுக்காகப் பழைய ஊர் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. குன்றின் அடிவாரத்தில் வேலை நின்றது. 1980களில் கோண்டைப் பழமை கெடாமல் புதுப்பிக்கத் திட்டம் எழுந்தது. அடுத்து 1988 டிசம்பர் நிலநடுக்கம், 1991இல் சுதந்திரம், யாருக்கும் கோண்ட் நினைவில்லை. பிறகு வந்த திட்டங்களெல்லாம் படத்தோடு சரி.

"இடிக்கப்போகும் வீட்டுக்கு யார் சாக்கடை போடுவார்கள்? எங்களுக்கும் கை வராது, மாநகராட்சிக்கும் மனம் வராது" என்றார். பல வீடுகளுக்கு ஒழுங்கான பத்திரம் இல்லை. அப்பா கட்டிய அறை, மகன் நீட்டிய சமையலறை, எதுவும் பதிவாகவில்லை. நஷ்டஈடு என்று வந்தால் காகிதத்தில் இருக்கும் சதுர மீட்டருக்குத்தான். 2007இல் திறந்த வடக்கு அவென்யூவுக்காகவும் பக்கத்துப் புஸாந்த் தெருவிலும் வீடிழந்தவர்களின் கதை இங்கே எல்லார் வாயிலும் இருக்கிறது. அப்படி வீடிழந்த ஒரு வழக்கில் 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அர்மீனிய அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் வீடு திரும்பி வருமா?

21 ஜூன், சனி

முசுக்கொட்டைப் பழக் காலம். நான்கு பேர் போர்வையை விரித்துப் பிடிக்க, ஒருவன் மரத்தில் ஏறிக் குலுக்குகிறான். ஒரு சுற்றுலாக் குழு வந்து சுவரோவியங்களைப் படமெடுத்துவிட்டு, "எவ்வளவு அழகு, இதைத் தொடவே கூடாது" என்றது. பாட்டியின் கழிப்பறை முற்றத்தின் கடைசியில் இருக்கிறது. குளிர்காலத்தில் பனியில் அதுவரை நடக்க வேண்டும். தொடவே கூடாது என்பவர்களும் இடித்துத் தள்ளு என்பவர்களும் இரவு தூங்கப்போவது வேறு எங்கோ.

12 ஜூலை, சனி

முற்றம் முழுக்கக் கம்பளி. மெத்தைகளைப் பிரித்து, உள்ளிருந்த ஆட்டுமயிரைக் கழுவி வெயிலில் காயப்போட்டு, வளைந்த குச்சியால் அடிக்கிறார்கள். அடி விழும்போது குச்சியின் நுனி கம்பளியைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும். அப்போதுதான் சிக்கு அவிழும். எனக்கு அது வரவில்லை. பாட்டி அடித்தால் குவியல் பொங்கிய மாவு போல எழும்புகிறது.

வேலைக்கு நடுவே 1990களின் தொடக்கத்தைப் பற்றிப் பேச்சு. அசர்பைஜானோடு போர், எல்லை அடைப்பு. அணுமின் நிலையம் நிலநடுக்கத்துக்குப் பிறகு மூடிக் கிடந்தது, 1995இல்தான் மறுபடி ஓடியது. மின்சாரம் நாளுக்கு ஓரிரு மணி நேரம். அடுக்குமாடிக்காரர்கள் தகர அடுப்பு வாங்கி ஜன்னல் வழியே குழாய் விட்டார்கள். "எங்களுக்கு அடுப்பும் இருந்தது, புகைபோக்கியும் இருந்தது. எட்டாவது மாடியில் இருந்த என் தங்கை பிள்ளைகளோடு இங்கே வந்துவிட்டாள்" என்று ஒருத்தி சொல்ல, "வந்து என் விறகையும் எரித்தாள்" என்றார் பாட்டி. முப்பது ஆண்டுப் பழைய சண்டை. இன்னும் சூடாகவே இருக்கிறது.

27 ஜூலை, ஞாயிறு

வர்தவார் திருவிழா. யார் மேலும் தண்ணீர் ஊற்றலாம், கோபிக்கக் கூடாது. சந்து குறுகல், ஓட இடமில்லை. கூரையிலிருந்து ஒரு வாளி. கைப்பேசி போயிற்று.

17 ஆகஸ்ட், ஞாயிறு

தேவாலயத்தில் திராட்சையை ஆசீர்வதித்தார்கள். அதற்கு முன் இந்த ஆண்டுத் திராட்சையைப் பாட்டி வாயில் வைக்கவில்லை, முற்றத்துப் பந்தலில் குலை குலையாகத் தொங்கியும்.

மாலையில் பெரிய செய்தி. லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் மகன் பணம் அனுப்பியிருக்கிறார். வீட்டுக்குள்ளேயே குளியலறையும் கழிப்பறையும் கட்டப்போகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் கொதித்துப்போனார்: "அடுத்த ஆண்டு இடித்தால் ஒரு தராம் தேறாது. பதிவில் இல்லாத கட்டடம்!" (தராம் இந்த ஊர்க் காசு.) பாட்டி அசரவில்லை. அறையின் நீளத்தை அளக்க டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். இரண்டு மீட்டர் பத்து. போதாது, சமையலறைச் சுவரை ஒரு முழம் தள்ளலாம் என்றார் கொத்தனார். எந்தச் சுவர், எவ்வளவு என்று அரை மணி நேர வாதம். அதிலும் குறுக்கே விழுந்து குரலை உயர்த்தியவர் அந்தப் பெரியவர்தான்: தள்ளுவதானால் ஒன்றரை முழமாகத் தள்ளுங்கள், வெந்நீர்க் கொதிகலனுக்கு இடம் வேண்டாமா? செவ்வாய்க்கிழமை சிமென்ட் வருகிறது.