கம்ப்ரஷன் கூடின புல்லட்

நான் வேலை பழகிய மேட்டுப்பாளையம் பட்டறைக்குப் பழைய புல்லட் 350 வந்தால், பெரும்பாலும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம்) இல்லை என்றுதான் வரும். ரிங் தேய்ந்திருக்கும், வால்வு சரியாக உட்காராது. அதனால் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் வண்டியில் அழுத்தம் அளக்கும் கேஜ் போட்டபோது, அதே மாடல் வண்டிகளைவிட 20 பவுண்டு கூடுதலாகக் காட்டியதும் எனக்கு ஒரே குஷி. "இன்ஜின் நல்லா இருக்குங்க சார், கம்ப்ரஷன் சூப்பர்" என்றேன்.

அவர் சொன்ன குறை வேறு. கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது, குன்னூர் ஏற்றத்தில் இன்ஜின் தட்டுகிறது. டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், முன்னால் போயிருக்கும் என்று, அதைத் தீர்மானிக்கும் பாயிண்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன். கிக்கர் அடிப்பது நின்றது. ஆனால் இழுவை போய்விட்டது, சைலன்சர் பைப்பும் சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டது.

பதினைந்து நாளில் திரும்பி வந்தார். சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் நாலு துடிப்பு துடித்துத்தான் நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே பட்டறை அண்ணன், "ஹெட்டைக் கழட்டுடா" என்றார். கேஜைத் தொடவே இல்லை.

பிஸ்டன் தலையிலும், சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டிலும் தோசைக்கல்லில் ஏறியது மாதிரி கரி. வால்வுத் தண்டு ஓடும் குழாயான கைடு தேய்ந்து, ஆயில் உள்ளே இறங்கி எரிந்து எரிந்து படிந்தது. இந்த இன்ஜினுக்கு போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மில்லிமீட்டர். பிஸ்டன்மேல் 1 மில்லிமீட்டர் கரி ஏறினாலே கிட்டத்தட்ட 4 சிசி இடம் போச்சு. அதே 346 சிசி காற்றை இன்னும் சின்ன இடத்தில் அமுக்கினால் கம்ப்ரஷன் ஏறாமல் என்ன செய்யும்? போதாததற்குக் கரி தணலாய்க் கனன்று, பிளக்கில் பொறி இல்லாமலே பெட்ரோலைக் கொளுத்தும். சாவியை அணைத்தும் ஓடியது அதனால்தான்.

மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, மூங்கில் சீவலால் சுரண்டினேன். அலுமினிய பிஸ்டனில் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் கோடு விழுந்துவிடும். அரை நாள் ஆனது, விரல் நகமெல்லாம் ஒரு வாரத்துக்குக் கறுப்பு. பிஸ்டன் ஓரத்தில் மட்டும் மெல்லிய கரி வளையத்தை விட்டுவிடச் சொன்னார் அண்ணன். ரிங் பழசு, ஆயில் மேலே ஏறாமல் அது கொஞ்சம் தடுக்குமாம். அப்புறம் கைடு மாற்றி, வால்வு சரியாக உட்காரத் தேய்த்து லேப்பிங் செய்து, டைமிங்கைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம்.

வாத்தியார் வந்தார். கரண்டைக் காட்டும் ஆம்ப்ஸ் முள் நடுவுக்கு வந்ததும், சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரைக் கொஞ்சம் இறக்கி, ஒரே உதை. ஸ்டார்ட் ஆனது.

"இப்ப கம்ப்ரஷன் எவ்வளவு தம்பி?"

"20 பவுண்டு குறைஞ்சிருக்குங்க சார்."

"போன தடவை அதைத்தானே சூப்பர்னு சொன்னீங்க?"

நான் பில் எழுத உள்ளே போய்விட்டேன்.